வெட்ட வெட்ட முளைத்த ஆப்பிள்

ஆவணி பிறந்தால் மயிலாப்பூர் மாட வீதிகளில் சிம்லா ஆப்பிள் இறங்கிவிடும். களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை, விளாம்பழம் இவற்றுக்கு நடுவே தள்ளுவண்டியில் சிவப்பாகக் குவிந்திருக்கும். என் அத்தைக்கும் அந்த வண்டிகளுக்கும் நாற்பது வருடப் பகை. வாங்காமல் வீடு திரும்பமாட்டாள், வாதாடாமல் வாங்கவும் மாட்டாள்.

"இது சிம்லாவா, வாஷிங்டனா?"

"சிம்லா மாமி. ஸ்டிக்கர் ஒட்டினது வாஷிங்டன். அது வேற வெல."

"ரெண்டும் ஒரே அச்சாத்தானேப்பா இருக்கு?"

"பாக்க அப்டித்தான் இருக்கும். நீ ஒண்ணு தின்னு பாரு, தெரியும்."

அத்தைக்கு 78 வயது. வண்டிக்காரருக்கு 30 இருந்தால் அதிகம். 'நீ' என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் இப்படிச் சொல்லியிருந்தால் பஞ்சாயத்து கூடியிருக்கும். சென்னையில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மந்திரியானாலும் மாமியானாலும் இந்த ஊர்த் தெருவுக்கு 'நீ'தான்.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், அத்தையின் கேள்விக்கும் அந்த 'நீ'க்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. இரண்டு குவியலும் ஒரே மரத்தின் வம்சம். அந்த மரத்துக்குச் சொந்தக்காரரும் சரி, அதன் கன்றைச் சிம்லா மலைக்குக் கொண்டுவந்தவரும் சரி, கண்ணில் பட்ட எல்லோரையும் 'நீ' என்று கூப்பிட்டுச் சிறைக்குப் போன ஒரு கூட்டத்தின் வாரிசுகள். அந்தக் கூட்டத்துக்குக் குவேக்கர்கள் என்று பெயர்.

குவேக்கர் என்றதும் உங்களுக்கு ஓட்ஸ் ஞாபகம் வரும். தப்பில்லை. அடையாறில் சர்க்கரை டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் அடுத்து நிற்கிற இடம் சூப்பர் மார்க்கெட்டின் ஓட்ஸ் அலமாரி. அங்கே டப்பாவில் அகலத் தொப்பி வைத்த ஒரு தாத்தா சிரித்துக்கொண்டிருப்பார். ஓட்ஸ் கஞ்சி குடித்த பிறகும் ஒருவரால் இப்படிச் சிரிக்க முடியும் என்பதற்கு அவர் ஒருவர்தான் சாட்சி. ஆனால் அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர்கள் குவேக்கர்கள் இல்லை. குவேக்கர் என்றால் நாணயமானவன் என்று அமெரிக்காவில் பெயர் இருந்தது. அந்தப் பெயரை 1877-ல் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொண்டார்கள். காரைக்குடியை மேப்பில்கூடப் பார்க்காதவர் செட்டிநாடு மெஸ் திறப்பதில்லையா, அது மாதிரி.

அசல் குவேக்கர்கள் 1650-களில் இங்கிலாந்தில் கிளம்பினார்கள். ஆரம்பித்து வைத்தவர் ஜார்ஜ் ஃபாக்ஸ். செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகியவர். பாதிரியார் வேண்டாம், பாட்டு வேண்டாம், மணி வேண்டாம். எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பது, உள்ளே ஏதாவது ஒலித்தால் எழுந்து சொல்வது, ஒலிக்காவிட்டால் வீட்டுக்குப் போவது. வழிபாடு அவ்வளவுதான். மயிலாப்பூருக்கு இந்த மதம் ஏன் வரவே இல்லை என்று இனி யாரும் கேட்கமாட்டீர்கள். ஒரு மணி நேரம் பேசாமல் உட்காரவேண்டும், காண்டீனும் கிடையாது என்றால் இங்கே யார் சேருவார்கள்?

வாய் திறக்காத இந்தக் கூட்டத்திடம் பிடிவாதத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. முதல் பிடிவாதம், தொப்பி. பெரிய மனிதரைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றவேண்டும் என்பது அந்தக் காலத்து மரியாதை. நம்மூரில் தோள் துண்டு இடுப்புக்கு இறங்குகிற மாதிரி. குவேக்கர் கழற்றமாட்டார். வில்லியம் பென் என்ற குவேக்கர் இரண்டாம் சார்லஸ் மன்னர் முன்னால் தொப்பியோடு நின்றாராம். மன்னர் உடனே தன் தொப்பியைக் கழற்றினாராம். ஏன் என்று பென் கேட்டதற்கு, இந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு தலையில்தான் தொப்பி இருப்பது வழக்கம் என்றாராம் மன்னர். ராஜாவுக்கும் நகைச்சுவை இருந்த காலம்.

இரண்டாவது, 'நீ'. அன்றைய இங்கிலீஷிலும் நம்மைப் போல 'நீ'யும் 'நீங்க'ளும் தனித்தனியாக இருந்தன. ஆண்டவனுக்கே 'நீ'தானே, ஆண்டைக்கு மட்டும் எதற்கு 'நீங்கள்' என்றார்கள் குவேக்கர்கள். நீதிபதியை 'நீ' என்றார்கள். நீதிபதி உள்ளே தள்ளினார். ஜெயிலரையும் 'நீ' என்றார்கள்.

மூன்றாவது, கோர்ட்டில் சத்தியம் செய்யமாட்டார்கள். இப்போது சத்தியம் செய்து உண்மை பேசினால், மற்ற நேரத்தில் பொய் பேசுகிறேன் என்றல்லவா ஆகிறது என்பது வாதம். இந்த லாஜிக் நம் ஹைகோர்ட் வளாகத்துக்குள் நுழைந்தால் பாதி வழக்கு அன்றே முடிந்துவிடும்.

நான்காவது, பேரம் கிடையாது. ஐந்து ரூபாய்ப் பொருளை எட்டு என்று சொல்லி ஆறுக்கு இறங்குவது பொய் என்று நினைத்த கடைக்காரர்கள் அவர்கள். ஒரே விலை என்ற வழக்கத்துக்கு முன்னோடிகளில் குவேக்கர்களும் உண்டு. தி. நகரில் பெரிய ஜவுளிக்கடைக்குள் போய் 'கொஞ்சம் பார்த்துப் போடுங்க' என்று வாயெடுக்கும்போது சேல்ஸ்மேன் பில் கவுன்டரைக் கை காட்டுகிறார் அல்லவா? அங்கே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குவேக்கர் நிற்கிறார். வெளியே பாண்டி பஜார் பிளாட்பாரத்துக்கு மட்டும் அவர் இன்னும் வந்து சேரவில்லை.

ஐந்தாவது, போருக்குப் போகமாட்டார்கள். எந்த ராஜாவுக்காகவும், எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுப்பதில்லை என்று 1661-லேயே மன்னருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதில் வேடிக்கை, வில்லியம் பென்னின் அப்பா கடற்படைத் தளபதி. அவருக்கு ராஜா பாக்கி வைத்திருந்த கடனுக்குப் பதிலாகத்தான் 1681-ல் மகனுக்கு அமெரிக்காவில் ஒரு மாநிலமே கிடைத்தது. பென்சில்வேனியா. சண்டை போட்ட அப்பாவின் பாக்கியில் சண்டை போடாத மகன் ஊர் கட்டினார். அந்த ஊர்தான் ஃபிலடெல்ஃபியா.

இனி மரத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பெரு என்று ஓர் ஊர். தென் அமெரிக்கப் பெருவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு, பழனிக்கும் வடபழனிக்கும் உள்ளதைவிடக் குறைவு. அங்கே ஜெஸ்ஸி ஹயாட் என்று ஒரு குவேக்கர் விவசாயி. 1870-களில் அவர் தோட்டத்தில் ஓர் ஆப்பிள் கன்று தானாக முளைத்தது, அதுவும் வரிசையை விட்டுத் தள்ளி. வரிசை தப்பினால் ஹயாட்டுக்குப் பிடிக்காது. வெட்டினார்.

எறும்புக்கும் தீங்கு நினைக்காத மார்க்கம், போரே கூடாது என்று ராஜாவுக்கு எழுதிக் கொடுத்த பரம்பரை, ஒரு கன்றைப் பார்த்ததும் கத்தியை எடுத்துவிட்டது. அடுத்த வருடம் அது மறுபடி முளைத்தது. மறுபடி வெட்டினார். மூன்றாவது முறையும் முளைத்தது. திட்டவில்லை, முள் வைத்துக் குத்தவில்லை, முளைத்தது, அவ்வளவுதான். வாழத்தான் வேண்டுமென்றால் நீ வாழ்ந்துவிட்டுப் போ என்று ஹயாட் அதனிடம் சொன்னதாகக் கதை. கவனியுங்கள், மரத்துக்கும் 'நீ'தான். சத்தியாக்கிரகம் என்ற சொல்லைக் காந்தி கண்டுபிடிப்பதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே அதைச் செய்துகாட்டி ஜெயித்தது ஓர் ஆப்பிள் மரம். எதிராளி குவேக்கராக இருந்தது அதன் அதிர்ஷ்டம்.

அந்தப் பழத்தை 1893-ல் ஹயாட் ஒரு போட்டிக்கு அனுப்பினார். நடத்தியது ஸ்டார்க் பிரதர்ஸ் என்ற நர்சரி. மிசௌரி மாநிலத்தில் லூசியானா என்ற ஊரில் இருந்தது. (அமெரிக்காவில் எந்த ஊரும் தன் ஊரில் இருப்பதில்லை.) ஸ்டார்க் ஒரு கடி கடித்தார், சொக்கிப்போனார். யார் அனுப்பியது என்று பார்த்தால் விலாசத்தைக் காணோம். நம் ஆபீஸ்களில் ஃபைல் தொலைவது நமக்கு மட்டுமே உரிய கலை என்று இனிப் பெருமைப்படவேண்டாம். ஹயாட் இதற்கெல்லாம் சண்டைக்குப் போகிற ஆள் இல்லையே, அடுத்த வருடமும் அதே பழத்தை அதே போட்டிக்கு அனுப்பினார். உரிமையை வாங்கிக்கொண்டு 'டெலிஷியஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு மஞ்சள் நிறத்தில் கோல்டன் டெலிஷியஸ் வந்ததும் இது ரெட் டெலிஷியஸ் ஆனது.

இனிக் காட்சி ஃபிலடெல்ஃபியா. 1882-ல் ஒரு பணக்காரக் குவேக்கர் வீட்டில் சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ் பிறந்தார். அப்பாவின் கம்பெனி லிஃப்ட் செய்தது. மேலே போவதற்கு மனிதன் ஏன் மூச்சு வாங்கவேண்டும் என்று யோசித்துக் காசு பார்த்த குடும்பம். பிள்ளை 1904-ல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து இமயமலைக்கு ஏறினார். சபாத்துவில் தொழுநோயாளிகள் இல்லத்தில் சேவை. அடுத்த வருடம் காங்க்ரா பூகம்பம் வந்தபோது நிவாரண வேலை. பிறகு கோட்கர் என்ற மலைக்கிராமத்தில் முகாம்.

வந்த இடத்தில் துரை மாதிரி இருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. அங்கியைப் போட்டுக்கொண்டு, சொத்தைத் துறந்து, துறவியாக அலைந்தார். கூடச் சுற்றியவர்களில் ஒருவர் சாது சுந்தர்சிங். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் காவி உடையோடு படத்தில் நிற்பாரே, அவரேதான். இன்னொரு நண்பர் தீனபந்து ஆண்ட்ரூஸ். சகோதரர் சங்கம் ஒன்றும் தொடங்கினார்கள். நிலைக்கவில்லை. துறவியாக இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, ஊர்க்காரன் படுகிற பாடு நமக்குக் கிடையாது என்று ஸ்டோக்ஸுக்குத் தோன்ற ஆரம்பித்தது. நம்மூர்ச் சாமியார்கள் யாருக்கும் இன்றுவரை தோன்றாத எண்ணம். 1912-ல் அங்கியைக் கழற்றிவிட்டு ஆக்னஸ் என்ற மலைநாட்டு ராஜபுத்திரக் கிறிஸ்தவப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பழைய தேயிலைத் தோட்ட நிலத்தை வாங்கி விவசாயியானார். ஏழு குழந்தைகள். வீட்டுக்கு ஹார்மனி ஹால் என்று பெயர். ஏழு குழந்தைகள் ஓடுகிற வீட்டுக்கு இந்தப் பெயரை வைக்க ஆழ்ந்த இறைநம்பிக்கை வேண்டும்.

1916-ல் லூசியானாவின் ஸ்டார்க் பிரதர்ஸிடமிருந்து ரெட் டெலிஷியஸ் கன்றுகளை வரவழைத்து நட்டார். ஒரு குவேக்கர் வெட்டித் தோற்ற மரம், இன்னொரு குவேக்கரின் கையால் சிம்லா மலைக்கு ஏறியது.

அதற்கு முன்பும் அந்தப் பக்கம் ஆப்பிள் உண்டு. 1870-லேயே குலுவில் கேப்டன் லீ என்ற துரை நட்டிருந்தார். ஆனால் அது இங்கிலீஷ் ஆப்பிள். புளிக்கும். துரைகளுக்குப் புளிப்பு பிடிக்கும், அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். நம் நாக்கு அதைக் கண்டுகொள்ளவில்லை. ஸ்டோக்ஸின் ஆப்பிளோ பாயசத்துக்குப் பிறந்த ஜனங்களுக்கென்றே செய்ததுபோல் இனித்தது. கோதுமையும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைத்த ஊர்க்காரர்களுக்குக் கன்றுகளைக் கொடுத்து நடச் சொன்னார். நட்டால் காய்க்கப் பல வருடம் ஆகும். இன்று நட்டதை நாளை விற்கத் துடிக்கிற உலகத்தில் இது துறவறத்தைவிடக் கஷ்டமான காரியம். அவர் தோட்டத்துப் பழம் சந்தைக்கு வர 1926 ஆனது.

இதற்கு நடுவில் ஒரு சறுக்கல். முதல் உலகப் போரில் ஸ்டோக்ஸ் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கப் போனார். தொப்பியைக் கழற்றாத பரம்பரை ராணுவத் தொப்பியை மாட்டிக்கொண்டது. சிரிக்காதீர்கள், 1918-ல் நம் காந்தியே கேடா ஜில்லாவில் வீடு வீடாகப் போய்ப் படைக்கு ஆள் சேர்த்தார். அவருக்கு ஆள் அவ்வளவாகக் கிடைக்கவில்லை, உடம்பு கெட்டதுதான் மிச்சம். அகிம்சைக்காரர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பழைய ஃபோட்டோ அலமாரியில் இருக்கும்போல.

அடுத்த காட்சிக்கு நாம் சென்னைக்குத் திரும்பவேண்டும். 1919 மார்ச். கதீட்ரல் சாலையில் ராஜாஜி இருந்த வீட்டில் காந்தி தங்கியிருக்கிறார். ரௌலட் சட்டத்தை எப்படி எதிர்ப்பது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒரு விடியற்காலை, தூக்கமும் விழிப்பும் கலந்த நேரத்தில் காந்திக்குக் கனவுபோல ஒரு யோசனை: நாடே ஒரு நாள் வேலையை நிறுத்தி, உபவாசம் இருந்து, பிரார்த்தனை செய்தால் என்ன? அதுதான் ஹர்த்தால். தேசத்தின் முதல் பெரிய வேலைநிறுத்தம் மயிலாப்பூருக்குக் கூப்பிடு தூரத்தில், படுக்கையில் படுத்தபடி கண்டுபிடிக்கப்பட்டது. மதியத் தூக்கம் வீண் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். விடியற்காலைத் தூக்கம்தான், ஆனாலும் தூக்கம் தூக்கம்தானே.

பேசாமல் உட்கார்வதே பிரார்த்தனை, ஒத்துழைக்காமல் இருப்பதே போர். ஃபாக்ஸ் கேட்டிருந்தால், இதைத்தானப்பா நான் 270 வருடமாகச் சொல்கிறேன் என்றிருப்பார்.

அடுத்த மாதம் ஜாலியன்வாலாபாக். மலையில் இருந்த விவசாயியையும் அது அரசியலுக்கு இழுத்து வந்தது. ஸ்டோக்ஸ் கதர் கட்டினார், காங்கிரஸில் சேர்ந்தார். அவர் ஊரில் பேகார் என்று ஒரு கொடுமை இருந்தது. கோடையில் அரசாங்கமே சிம்லாவுக்கு ஏறும். துரைமார் திபெத் சாலையில் உலாப் போனால், மூட்டை முடிச்சுகளை மலைக்காரர்கள் சுமக்கவேண்டும். அறுவடையா, கல்யாணமா, கேட்கமாட்டார்கள். கூலி பேருக்குத்தான். ஸ்டோக்ஸும் ஊராரும் செய்த யுத்தம் எளிமையானது. சுமக்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்சி முழுவதும் அடுத்தவன் தோள்மேல் நிற்கிறது என்பது, தோளை எடுத்துவிட்டால்தான் தெரியும். 1921-ல் சர்க்கார் இறங்கி வந்தது.

அதே வருடம் அம்மா அமெரிக்காவிலிருந்து மகனுக்குக் கோல்டன் டெலிஷியஸ் கன்றுகள் அனுப்பினார். அதே வருடம் டிசம்பரில் மகனை ராஜத்துரோகம் என்று கைது செய்தார்கள். ஆறு மாதம், லாகூர் சிறை. வெள்ளைக்காரக் கைதிக்குத் தனிச் சாப்பாடு, தனி வசதி உண்டு. வேண்டாம், மற்றவர்களுக்கு என்னவோ அதுவே எனக்கும் என்றார். இந்தியனோடு இந்தியனாக இந்த மனிதர் உணர்வதை அரசாங்கத்தால் தாங்க முடியவில்லை என்று காந்தி எழுதினார். இந்திய விடுதலைப் போரில் சிறை சென்ற ஒரே அமெரிக்கர் இவர்தான். பரம்பரைத் தொழிலைத் தொடர்ந்தார் என்றுதான் நான் சொல்வேன். ஜெயில், குவேக்கர்களுக்குத் தாய்வீடு.

1932-ல் ஆரிய சமாஜம் வழியாக இந்துவாகிச் சத்யானந்த் ஆனார். ஆக்னஸ், பிரியதேவி ஆனார். குவேக்கர், துறவி, சம்சாரி, சிப்பாய், கதர்க்காரர், கைதி, கடைசியில் சத்யானந்த். நம்மூர் அரசியல்வாதிகூட இத்தனை முறை மாறமாட்டார். ஒரு வித்தியாசம், மாறிய ஒவ்வொரு முறையும் இவருக்கு நஷ்டம்தான். 1946 மே மாதம், சுதந்திரத்துக்கு 15 மாதம் முன்பு காலமானார். 64 வயது நிறையவில்லை.

நீண்ட ஆயுள் கண்ட குவேக்கர் வேண்டுமென்றால் சென்னையிலேயே ஒருவர் இருந்தார். மார்ஜரி சைக்ஸ். 1928-ல் வேப்பேரி பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு இங்கிலாந்திலிருந்து ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, இங்கேயே குவேக்கரானவர். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று நம் மொழி வைத்திருக்கிற படிக்கட்டைப் பார்த்து எந்தக் குவேக்கருக்கும் தலை சுற்றியிருக்கும். பிறகு சாந்திநிகேதன், சேவாகிராமம், கோத்தகிரியில் அமைதித் தொண்டர்களுக்குப் பயிற்சி என்று அலைந்து, இந்தியக் குடிமகளாகி, 1995-ல் 90 வயதில் மறைந்தார். ஸ்டோக்ஸின் நண்பர் ஆண்ட்ரூஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்களில் இவரும் ஒருவர். பேசாத கூட்டம்தான், ஒருவர் கதையை ஒருவர் எழுதி வைத்துவிடுகிறார்கள்.

ஆனால் ஆயுளில் எல்லோரையும் முந்தியது அந்த மரம்தான். ஹயாட்டின் தாய்மரம் 1940-ல் கடும் பனியில் பட்டுப்போனது. வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது. பழக்கதோஷம்.

இவ்வளவையும் அத்தையிடம் மாட வீதியில் நின்றே சொல்லி முடித்தேன். வண்டிக்காரரும் எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அத்தை யோசித்தாள்.

"அப்போ ரெண்டும் ஒரே மரம்கறே. வெலை மட்டும் ஏன் வேற?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வண்டிக்காரருக்குத் தெரிந்தது.

"ஸ்டிக்கருக்கு மாமி."

"சரி, சிம்லாவே ஒரு கிலோ போடு. இருபது ரூபா கொறைச்சுக்கோ."

"நீ எத்தினி தபா கேட்டாலும் அதான் வெல."

அத்தை முழுக்காசையும் எண்ணிக் கொடுத்தாள். நாற்பது வருடத்தில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. குளக்கரை திரும்பும்போது சொன்னாள்: "மரியாதை தெரியலை. ஆனா பொய் சொல்றவன் இல்லை."